பினாயில் பெருக்கிய ஆஸ்பத்திரி

அந்த ஆஸ்பத்திரியில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "பினாயில்" என்று ஒரு குரல் போதும், வாளியும் துடைப்பமுமாக ஓடி வருவார். மீசை அரும்பிய வயதில் வார்டு கழுவ வந்த மனிதர், ஆஸ்பத்திரியை இழுத்து மூடிய பிறகு அதற்கே வாட்ச்மேன் ஆனார். பக்கவாதம் வந்து படுத்துவிட்ட மனைவியைக் கொண்டுவந்து பழைய மருந்து ஸ்டோரில் கிடத்திக்கொண்டார். ஆஸ்பத்திரி முதலாளியான பெரிய டாக்டரும் போனால் போகிறதென்று விட்டிருந்தார்.

இப்போது கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். டாக்டர் வேறிடத்தில் கட்டியிருக்கும் புது ஆஸ்பத்திரியில் வாட்ச்மேன் வேலையும் பின்பக்கம் ஓர் அறையும் கிடைத்தால் அவளுக்குப் படுக்க இடம் உண்டு. இல்லாவிட்டால் தெருதான். கேட்டதற்கு டாக்டர், "பார்க்கலாம்" என்றிருந்தார். பார்க்கலாம் என்றால் கிடையாது என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். இவருக்குத் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் டாக்டரின் மகள் போன் செய்தாள். இடிக்கும் முன் உள்ளே போட்டோ எடுக்க வருகிறாளாம். அப்பாவிடமும் காட்டுவாளாம். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. டாக்டர் ரவுண்ட்ஸ் வருகிறார் என்றால் அதற்கு முன் வார்டு பளிச்சென்று இருக்க வேண்டும். ஆயுசு முழுக்க அவர் கற்ற பாடம் அது ஒன்றுதான். ஒட்டடை அடித்தார். சுவரில் பூத்திருந்த பூஞ்சணத்தைச் சுரண்டினார். உடைந்த கட்டில்களை வரிசையாக நிறுத்தினார். பிரசவ வார்டைக் கழுவிக் கழுவி இடுப்பு ஒடிந்தார்.

"இடிக்கப்போற சுவத்துக்கு எதுக்குங்க இந்தச் சிங்காரம்?" என்று மனைவி குழறினாள்.

"நீ சும்மா கிட. பாப்பா பார்த்தா ஐயாகிட்ட நம்மளைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லும்."

பாப்பா வந்தாள். கேமராவைக் கையில் எடுத்தவளுக்கு வார்டு வாசலிலேயே முகம் சுண்டிப்போயிற்று.

"யாரு இதைப் பெருக்கினது?"

"நான்தான் பாப்பா." பல்லெல்லாம் தெரிய நின்றார்.

"எல்லாத்தையும் கெடுத்து வச்சிருக்கீங்களே. எனக்குத் தூசிதான் வேணும். பாழடைஞ்சு கிடந்தாத்தானே படம்."

வேலையும் அறையும் கையைவிட்டுப் போய்விடும்போல இருந்தது. "திரும்பப் போட்டுடறேன் பாப்பா" என்று குப்பைக்குழிக்கு ஓடினார். அள்ளியதையெல்லாம் சாக்குச் சாக்காகத் தூக்கிவந்து கொட்டினார். "இங்க இன்னும் கொஞ்சம்" என்று அவள் விரலைக் காட்டக் காட்ட, இவர் இருமிக்கொண்டே தூவினார். கட்டில்களைக்கூடக் கவிழ்த்துப் போட்டார். கிளம்பும்போது, "அப்பாகிட்ட உங்களைப் பத்திச் சொல்றேன்" என்றாள் மகராசி. அன்று அவர் மனைவிக்கு ஊட்டிவிட்டபடியே புது அறையில் கட்டிலை எந்தப் பக்கம் போடலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்.

மறுநாள் பெரிய டாக்டரே போனில் வந்தார்.

"போட்டோ பார்த்தேன். ஆஸ்பத்திரியைக் குப்பைமேடாவா வச்சிருக்கே? இதுக்கா உனக்குச் சம்பளமும் இடமும் குடுத்தேன்? உன்னைப் புது பில்டிங்ல விட்டா உருப்பட்ட மாதிரிதான். நாளைக்கே காலி பண்ணு."

"ஐயா, பாப்பாதான் குப்பையைப் போடச் சொல்லிச்சு..."

"பழியை என் பொண்ணு மேலயே போடுறியா?" போன் வைக்கப்பட்டுவிட்டது.

டாக்டரின் மகளைப் போனில் கூப்பிட்டுக் கெஞ்சினார். "அப்பா கோவத்துல இருக்காரு. இப்போ நான் எதுவும் பேச முடியாது. ஆனா படமெல்லாம் பிரமாதமா வந்திருக்கு" என்றாள். ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் நாக்கு தேய்ந்தா போயிருக்கும்?

காலி செய்கிற நாளில் மனைவியை முதுகில் சுமந்துகொண்டு நீள வராந்தாவில் நடந்தார். காலடியில் அவரே தூவிய புழுதி. எதிரே டாக்டரின் மகள் நின்றிருந்தாள், கடைசியாகக் கொஞ்சம் படம் எடுத்துக்கொள்ள வந்தவள்.

"அப்படியே ஒரு நிமிஷம் நில்லுங்க. வெளிச்சம் நல்லா விழுது."

"நிக்காதீங்க. நடந்து தொலைங்க" என்று காதருகே குழறினாள் மனைவி.

இப்போதாவது அப்பாவிடம் சொல்லிவிடுவாள் என்று நினைத்தாரோ என்னவோ, பாவி மனுஷன் நின்றார்.

"அம்மா முகம் தெரியலை. கொஞ்சம் திரும்புங்க."

திரும்பினார்.