மஞ்சள் புடவை போன பச்சைமலை

ஸ்ரீரங்கத்தில் மேடு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. இரண்டு பக்கமும் ஆறு, நடுவில் கோயில், கோயிலைச் சுற்றி வீடு. ஆற்றைத் தாண்டினால் மலைக்கோட்டை இருக்கிறதே என்பார்கள். படி வெட்டி, பக்கத்தில் கடை போட்டு, உச்சியில் பிள்ளையாரை உட்கார வைத்துவிட்டால் அதற்குப் பெயர் மலையா? மாடி வீடு.

கல்யாணமான புதிதில் அந்த மாடி வீட்டின் உச்சியில் நின்று வடக்கே பார்த்தேன். வயலுக்கெல்லாம் அப்பால் நீலமாக ஒரு கோடு கிடந்தது.

"அது பச்சைமலை" என்றார் என் வீட்டுக்காரர்.

"நீலமால்ல இருக்கு?"

"கிட்டப் போனா பச்சையா இருக்கும்."

"போவமா?"

"எதுக்கு?"

அதோடு பேச்சு முடிந்தது. அவர் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். மலை என்று பெயர் வைத்த இடத்துக்குத் தினமும் போய் வந்து அவருக்கு மலையே அலுத்துவிட்டது போலிருக்கிறது. எனக்கு அலுக்கவில்லை. துணி காயப்போடப் போகும்போதெல்லாம் வடக்கே பார்ப்பேன். தென்னை மரம்தான் தெரியும்.

அந்தக் காலத்தில் பெண்பிள்ளை தனியாக பஸ் ஏறினால் கண்டக்டர் முதல் பக்கத்து சீட்டுக் கிழவர் வரை கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "கூட யாரு வந்திருக்கா?" மஞ்சள் புடவை கட்டியிருந்தால் மட்டும் கேட்க மாட்டார்கள். வேண்டுதலுக்குப் போகிறவளுக்குச் சாமி துணை. இதை நான் ரொம்ப நாளாகக் கவனித்து வைத்திருந்தேன்.

வீட்டுக்காரர் காலில் இரும்பு விழுந்தது. வீங்கி, தானாக வற்றியது. நான் உடனே என் மாமியாரிடம் போய், "பச்சைமலை அம்மனுக்கு வேண்டிக்கிட்டேன் அத்தை. தனியா வந்து ஏறுறேன்னு சொல்லிட்டேன்" என்றேன். அங்கே அம்மன் இருக்கிறாளா என்றுகூட எனக்குத் தெரியாது. இல்லாமலா போய்விடுவாள்?

மாமியார் கண்டிப்பானவள். விரதத்துக்குக் குறுக்கே நிற்க மாட்டாள், சினிமாவுக்கு வாசற்படி தாண்ட விடமாட்டாள். சினிமாவுக்குப் போகிற பெண்ணுக்குக் கால் வீட்டில் தங்காது என்பது அவள் கட்சி. இரண்டு புடவையை அவளே மஞ்சளில் நனைத்துக் கட்டிக் கொடுத்தாள். வேறு புடவை வைக்கவில்லை.

கைப்பிடியைச் சுற்றிக் கிளப்புகிற பஸ். துறையூரில் மாறி உப்பிலியபுரத்தில் இறங்கினேன். மலையடிவாரத்து ஊர். நிமிர்ந்து பார்த்தேன். பச்சையாகத்தான் இருந்தது. வீட்டுக்காரர் சொன்னதில் அது ஒன்று சரி.

ஒரு இட்லிக் கடையில் தங்க இடம் கிடைத்தது. கடைக்கார அக்கா வெள்ளைப் புடவைக்காரி, புருஷன் போய் நாளாகியிருந்தது. "சாமி காரியமா வந்திருக்க, அடுப்பங்கரையில படுத்துக்க" என்றாள். விடிந்து பார்த்தால் வாசலில் கூட்டம். வேண்டுதலுக்குப் போகிறவளிடம் போக முடியாதவர்கள் தங்கள் கற்பூரத்தைக் கொடுத்து அனுப்புவது வழக்கம். அதை நான் மறந்தே போயிருந்தேன். "என் பேரையும் சொல்லி ஏத்திடு தாயி" என்று ஆளுக்கொரு பொட்டலம். நான் கண்டுபிடித்த அம்மனுக்கு எனக்கு முன்னால் பக்தர்கள்.

மடியில் கற்பூரத்தோடு ஏறினேன். செருப்பு போடக்கூடாது. பாதை முழுக்கக் கூர்ங்கல். பலாப்பழத்தைத் தோளில் வைத்துக்கொண்டு மலைக்காரர்கள் ஏதோ தெருவில் நடப்பதுபோல் எதிரே இறங்கி வந்தார்கள். ஒரு பெண்ணை நிறுத்தி, "இங்க அம்மன் எங்கம்மா?" என்று கேட்டேன்.

"எந்த அம்மன்?"

"ஏதாவது ஒண்ணு."

அவள் சிரித்துவிட்டு ஒரு மரத்தடியைக் காட்டினாள். மஞ்சள் பூசின கல் ஒன்று இருந்தது. ஒவ்வொரு பொட்டலமாகப் பிரித்து, பெயர் சொல்லி ஏற்றினேன். நான் சொன்னது பொய்தான். ஊரார் கொடுத்த கற்பூரம் பொய்யில்லையே. அப்புறம் காலாறும் மட்டும் ஒரு பாறையில் கிடந்தேன். யாரும் தண்ணீர் கேட்கவில்லை, சோறு கேட்கவில்லை. என் ஆயுளில் அப்படி நான் அதுவரை சும்மா கிடந்ததில்லை.

இறங்கி வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. ஊர்க் கோடியில் ரேடியோக் குழாய் பாடியது. டூரிங் கொட்டாய்! எனக்கு உடம்பெல்லாம் காது.

"என்ன படம் அக்கா?"

"சாமி படம். மஞ்சக் கட்டினவளுக்கு அது எதுக்கு?"

"சாமியப் பாக்கத்தானே அக்கா மஞ்சக் கட்டியிருக்கேன்?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "வெள்ளை கட்டினதுலேருந்து நான் அந்தப் பக்கம் போகல. போனா ஊரு காறித் துப்பும்" என்றவள், கொஞ்சம் யோசித்து, "ஆனா சாமி பொம்பளைக்குத் துணைக்குப் போனா எவன் என்ன சொல்வான்?" என்று அடுப்பை அணைத்துவிட்டாள்.

கொட்டாயில் எங்களுக்கு ராஜ உபசாரம். "வழி விடுங்கப்பா, தாயி முன்னால உக்காரட்டும்!" திரையில் சாமி வந்ததும் வழக்கம்போல் எல்லாரும் எழுந்து கும்பிட்டார்கள். கற்பூரத் தட்டை என் கையில் கொடுத்தார்கள். திரைக்கு முன் நின்று காட்டினேன். பாதிப் பேர் சாமியைக் கும்பிட்டார்கள், பாதிப் பேர் என்னை. நான் குறை சொல்லவில்லை.

மறுநாள் இன்னும் மேலே ஏறி ஓர் அருவியைப் பார்த்தேன். மாலையில் படம் மாறியிருந்தது.

"இன்னிக்குக் கத்திச் சண்டைடி" என்றாள் அக்கா.

"கத்தி அம்மன் கையிலயுந்தான் இருக்கு" என்றேன். அவள் எனக்கு முன்னாலேயே கதவைப் பூட்டினாள்.

சண்டை சூடு பிடித்தது. கதாநாயகன் கையிலிருந்த கத்தியை வில்லன் தட்டிவிட்டான். கீழே விழுந்ததைக் கதாநாயகன் காலாலேயே எத்திப் பிடித்தான் பாருங்கள், என் இரண்டு விரல் தானாக வாய்க்குள் போயிற்று. சின்ன வயதில் கிளி விரட்டக் கற்ற விசில். கொட்டாயே திரும்பியது. பெஞ்சு டிக்கெட்டிலிருந்து ஒரு தலை திரும்பி, திரும்பினது திரும்பினபடியே நின்றது. மண்ணச்சநல்லூர் நெல் வியாபாரி. என் மாமியாருக்குச் சித்தப்பா மகன்.

சரி, முடிந்தது என்று தெரிந்துவிட்டது. எனக்கு முன்னால் அவர் ஸ்ரீரங்கம் போவார். போனால் இனி மஞ்சள் புடவையும் கிடையாது, மலையும் கிடையாது. தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டு துணி காயப்போட வேண்டியதுதான். அதனால் மறுநாள் விடிந்ததும் கடைசியாக ஒரு தடவை என்று மூச்சு வாங்க உச்சி மட்டும் ஏறினேன். தெற்கே பார்த்தேன். மலைக்கோட்டை ஒரு கூழாங்கல் போலக் கிடந்தது. நன்றாகப் பார்த்துக்கொண்டு இறங்கினேன்.

வீட்டில் மாமியார் முறத்தில் அரிசி வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்காரர் என்னைக் கண்டதும் கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

"மண்ணச்சநல்லூரான் வந்துட்டுப் போனான்" என்றாள்.

"என்ன சொன்னாருங்க அத்தை?"

"கொட்டாயில ஒரு மஞ்சப் புடவை விசிலடிச்சுதாம்."

நான் தலை குனியவில்லை. அவள் அரிசியில் இரண்டு கல்லைப் பொறுக்கினாள்.

"நெல்லு வாங்கப் போனவனுக்குக் கொட்டாயில என்ன வேலைன்னு கேட்டேன். காப்பியக்கூட குடிக்காம எந்திரிச்சுப் போயிட்டான்." அப்புறம் குரலைத் தாழ்த்தினாள். "ஏண்டி, சண்டையில யாரு செயிச்சா?"

முதலிலிருந்து சொன்னேன். கத்தியைக் காலால் எத்தின இடத்தை எழுந்து நின்று செய்தே காட்டினேன். முறம் அவள் மடியிலேயே இருந்தது. அன்று எங்கள் வீட்டில் கல்லும் சோறுமாகத்தான் தின்றார்கள்.

அடுத்த வருஷம் அம்மனுக்கு நான் வாயைத் திறக்குமுன்பே மாமியார் அண்டாவில் மஞ்சள் கரைத்தாள். எட்டிப் பார்த்தால் என் புடவையோடு அவள் புடவையும் ஊறிக்கொண்டிருந்தது.

"அத்தை, அது தனியாப் போற வேண்டுதல். நீங்க கூட வந்தா அம்மன் ஏத்துக்க மாட்டா."

"உன் அம்மனை நீயே வச்சுக்கடி" என்று புடவையைப் பிழிந்தாள். "எனக்கெதுக்கு மலை? மலைக்கோட்டைக்குக் கீழயே மூணு கொட்டாய் இருக்கு."