ஏப்ரலைத் தாண்டாத கம்ப்யூட்டர்

எங்கள் ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர் வந்ததற்கு ஒரு கக்கூஸ்தான் காரணம். ஜெயங்கொண்டத்தில் ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தோம். தரைக்கு டைல்ஸ் ஒட்டி, சுவருக்கு வெள்ளை அடித்து, சாவியைக் கொடுக்கப் போகிற நேரத்தில்தான் கக்கூஸுக்குக் குழாயே பதிக்கவில்லை என்று தெரிந்தது. பிளம்பரைக் கேட்டால், "மேஸ்திரி சொல்லல" என்றார். மேஸ்திரியைக் கேட்டால், "சார் சொல்லல" என்றார். சார் என்னைப் பார்த்தார். நான் வேலைக்குச் சேர்ந்தே அப்போது ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

"என்னைப் பாக்காதீங்க சார். நான் வந்தப்பவே டைல்ஸ் ஒட்டியாச்சு" என்றேன்.

புது டைல்ஸை உடைத்துக் குழாய் பதித்தார்கள். வீட்டுக்காரர் அன்றைக்குப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

சார் நல்ல இன்ஜினியர். அவர் போட்ட தளம் ஒழுகியது என்று ஒருத்தர் வந்து நின்றதில்லை. ஆனால் எல்லாவற்றையும் மண்டையிலேயே வைத்திருப்பார். ஆபீஸ் பெரம்பலூரில், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில். வேலை நடப்பதோ செந்துறை, அரியலூர், ஜெயங்கொண்டம் என்று ஒவ்வொன்றும் ஒரு திசையில். அந்த வருஷங்களில் அரசாங்கமே அரியலூரைத் தனி மாவட்டமாகப் பிரித்தது, திரும்பப் பெரம்பலூரோடு சேர்த்தது, மறுபடியும் பிரித்தது. சாரின் மண்டை எம்மாத்திரம்! நானோ பாலிடெக்னிக்கில் சிவில் படித்துவிட்டு, மூக்குக்கு மேல் கோபத்தோடு விக்கிரமங்கலத்திலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வந்துகொண்டிருந்தவள். எந்த வேலை எப்போது முடியும், எதற்கு எப்போது ஆள் சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் பார்த்துக்கொள்ள ஒரு சாப்ட்வேர் இருக்கிறதாம் என்று நான்தான் சாரிடம் சொன்னேன்.

திருச்சியிலிருந்து ஒருவர் அதை விற்க வந்தார். கொளுத்துகிற வெயிலில் டை கட்டியிருந்தார். "உங்க டீம்ல எத்தனை பேர் சார்?" என்று கேட்டார். எங்களுக்கு டீம் என்று ஒன்று இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. சார், நான், மேஸ்திரி, பிளம்பர். நாலு பேர்.

"குறைஞ்சது அஞ்சு பேருக்குத்தான் சார் குடுப்போம்."

"ஒரு ஆளைக் கழிச்சுக்கிட்டு விலையைக் குறைங்க."

"அப்படிக் கழிக்க முடியாது சார்."

"சரி, கொசுறா என்ன குடுப்பீங்க?"

அந்த மனிதர் டையைத் தளர்த்திக்கொண்டார். அவர் சொன்ன விலைக்குச் சாருடைய மோட்டார் பைக்கைப் போல இன்னொன்று வாங்கிவிடலாம். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தோம்.

அடுத்து, அரியலூரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த ஒருவர். எங்களுக்குப் பழைய கம்ப்யூட்டரைத் தள்ளிவிட்டவர் அவர்தான். "அதே சாப்ட்வேர் சி.டி. எங்கிட்ட இருக்கு சார். நூறு ரூபா குடுங்க போதும்" என்றார். அதைக் கேட்டதும் சாருக்கு முகம் சுருங்கிவிட்டது. "திருட்டு சி.டி.யா? வேணாம்பா. நாம வூடு கட்டுற தொழில் பண்றோம். திருட்டுச் சாமானை வச்சு நாள் குறிச்சா அந்த வூடு வெளங்குமா?" என்றார். எனக்கு அன்றைக்குச் சார் மேல் பெரிய மரியாதையே வந்துவிட்டது. கொஞ்ச நாள் அது நீடித்தது.

"அப்படின்னா இன்னொரு வழி இருக்கு சார். கம்பெனிக்காரனே முப்பது நாளைக்குச் சும்மா குடுக்கறான். பயன்படுத்திப் பாத்துட்டுப் பிடிச்சா காசு கட்டலாம்" என்றார் சென்டர்காரர்.

'சும்மா' என்ற சொல்லுக்குப் பிறகு சார் எதையும் கேட்டுக்கொள்ளவில்லை. சாப்ட்வேர் தேர்வு அதோடு முடிந்துவிட்டது.

ஏப்ரல் மாதம், நல்ல நாள் பார்த்துக் கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்துத் தொடங்கினோம். வேலைகளை எல்லாம் தேதியோடு நான் அடித்துக் கொடுத்தேன். ஒவ்வொரு வேலையும் ஒரு பட்டையாகத் திரையில் வந்தது. தேதிக்குள் நடந்தால் பச்சை, தேதி தாண்டிவிட்டால் சிவப்பு. ஆசாரிக்குச் சொல்ல வேண்டிய நாள், கம்பி இறக்க வேண்டிய நாள் எல்லாம் வந்தால் 'டிங்' என்று அடித்து அதுவே ஞாபகப்படுத்தும்.

மேஸ்திரி தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "எம்பொண்டாட்டியும் இப்புடித்தான். காலையில கண்ணு முழிச்சா அதைச் செஞ்சியா, இதைச் செஞ்சியான்னு" என்றார்.

"அப்ப அந்த அக்காவையே வேலைக்கு வச்சிருக்கலாம். கரண்ட்டாச்சும் மிச்சம்" என்றேன்.

அப்போது எங்கள் கையில் இருந்த வேலை அரியலூரில், செந்துறை ரோட்டுப் பக்கம் ஒரு சின்ன வீடு. தளம் போட்டாகிவிட்டது. பூச்சு, வயரிங், தரை, கதவு ஜன்னல், இவ்வளவுதான் பாக்கி. ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவரும் நர்ஸாக இருந்த அவர் மகளும் கட்டிய வீடு. லோன் போட்டது மகள்; அவர் காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார். பெரியவர் தினமும் வந்து மணல் குவியல் மேல் உட்கார்ந்துகொண்டு எங்களைத் திட்டுவார். பிறந்ததிலிருந்தே அவருக்கு வாடகை வீடுதான். ஒவ்வொரு வீட்டுக்காரரோடும் ஒரு சண்டை. தண்ணீருக்குச் சண்டை, லைட்டுக்குச் சண்டை, ஆணிக்குச் சண்டை.

"செவுத்துல ஆணி அடிக்கக் கூடாதுங்கறான் புள்ள. சட்டையை நான் என்ன அவன் தலையிலயா மாட்டறது?" என்பார்.

கடைசியாக இருந்த வீட்டுக்காரரும் ஆனி மாதத்துக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார். ஆனி போனால் ஆடி. ஆடியில் எங்கள் பக்கம் யாரும் வீடு மாற மாட்டார்கள், குடிவைக்கவும் மாட்டார்கள். ஆனி மாதக் கடைசி முகூர்த்தத்தில் புது வீட்டில் பால் காய்ச்சியாக வேண்டும். இல்லாவிட்டால் அப்பாவும் மகளும் சாமான் சட்டோடு தெருவில்தான். இதைப் பெரியவர் எங்களிடம் சொல்லாத நாளில்லை.

மே மாத நடுவில் ஒருநாள் சாப்ட்வேர் திறக்கவில்லை. முப்பது நாள் முடிந்தது, பணம் கட்டு என்று மட்டும் எழுதிக் காட்டியது. சார் சென்டர்காரருக்குப் போன் போட்டார். "அட, இதுக்குப் போயி கவலைப்படறீங்களே! கம்ப்யூட்டர்ல தேதியைப் பழையபடி ஏப்ரலுக்குத் தள்ளுங்க, தானா தொறக்கும்" என்றார் அவர். தள்ளினோம். திறந்தது.

அன்றிலிருந்து தினமும் காலையில் சார் ஊதுவத்தி காட்டுவார், பிறகு தேதியை ஏப்ரலுக்குத் தள்ளுவார், பிறகுதான் மற்ற வேலை.

"இது மட்டும் திருட்டு இல்லையா சார்?" என்று கேட்டேன்.

"எப்படிம்மா திருட்டாவும்? அவன் முப்பது நாள் குடுத்தான். நாம அதுக்கு மேல ஒரு நாள்கூட எடுத்துக்கல. அந்த முப்பது நாள் நமக்கு இன்னும் முடியல, அவ்வளவுதான்."

"தேதி ஓடலன்னா வேலை லேட்டாவறது அதுக்கு எப்படி சார் தெரியும்?"

"நமக்குத் தெரியும்ல? நாம மண்டையில வச்சுக்கிட்டாப் போச்சு."

"மண்டையில நிக்கலன்னுதானே சார் அதை வாங்குனோம்!"

சார் திரையைத் துடைத்தார். டீ வாங்கிவரச் சொன்னார்.

முதல் வாரம் அந்தப் பச்சை பொய் என்பது அவருக்கு ஞாபகம் இருந்தது. பட்டைகளைப் பார்த்துச் சிரித்துக்கொள்வார். இரண்டாவது வாரம் சிரிப்பு நின்றது. மூன்றாவது வாரம் நிஜமாகவே சந்தோஷப்பட ஆரம்பித்துவிட்டார். இதற்கிடையில் மேஸ்திரியின் ஊரில் அம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டார்கள். காப்புக் கட்டிவிட்டால் ஊர்க்காரர் யாரும் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. மேஸ்திரி தன் ஆட்களை எல்லாம் கூட்டிக்கொண்டு போனவர், தீமிதி முடிந்து, கறிச்சோறும் தின்றுவிட்டுத்தான் திரும்பினார். அத்தனை நாளும் அரியலூரில் ஒரு கரண்டி பூச்சு நடக்கவில்லை. பச்சை பச்சையாகவே இருந்தது. எனக்கு அந்தத் திரையைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் பெரியவரே வெயிலில் பஸ் ஏறி எங்கள் ஆபீஸுக்கு வந்துவிட்டார். "என்னா இன்ஜினியரே, பத்திரிகை அடிக்கலாமா? நம்பலாமா ஒன்னய?" என்றார்.

சார் அந்தப் பட்டைகளைத் தாளில் எடுத்து அவர் கையில் கொடுத்தார். பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலும் கீழும் பார்த்தார்.

"எல்லாம் பச்சையா இருக்கே. பச்சைன்னா ரைட்டா?"

"ரைட்டுங்க. லேட்டானாத்தான் செவப்பு. நம்மகிட்ட செவப்பே கெடையாது."

நான் வாயைத் திறந்தேன். "பெரியவருக்கு ஒரு கலர் வாங்கிட்டு வாம்மா" என்றார் சார். கலர் பாட்டிலோடு திரும்பி வருவதற்குள் பெரியவர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறியிருந்தார். வந்த ஆத்திரத்தில் அந்தக் கலரை நானே குடித்தேன்.

ஆனி பிறந்து கொஞ்ச நாளில் அவரிடமிருந்து போன் வந்தது. "ஏ புள்ள, பத்திரிகை குடுத்து முடிச்சிட்டேன். வாசக்கதவுல கஜலட்சுமி செதுக்கச் சொன்னேனே, கதவு என்னிக்கு வருது?"

கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டு ஆசாரிக்குப் போன் போட்டேன்.

"எந்தக் கதவு?" என்றார் ஆசாரி.

போனை அப்படியே வைத்தேன். சாரிடம் போய் நின்றேன். "கதவுக்கு நீங்க இன்னும் சொல்லவே இல்லையா சார்?"

"கம்ப்யூட்டர் ஒண்ணும் சொல்லலையேம்மா!"

"அது எப்படி சார் சொல்லும்? மே மாசக் கடைசியில சொல்லணும்னு அடிச்சு வச்சிருந்தேன். மே மாசத்தை நீங்க வரவே விடலையே! அதுக்கு இன்னும் ஏப்ரல்தான் சார்!"

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். சார் திரையைப் பார்த்தார், சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்தார், அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அந்தப் பெரியவர் மூஞ்சியில எப்படிம்மா முழிப்பேன்?" என்றார். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் எனக்குக் கோபம் அடங்கவில்லை.

ஆசாரி ஆடிக்கு முன்னால் முடியவே முடியாது என்றுவிட்டார். அவசரத்துக்குப் பச்சை மரத்தில் செய்தால் கதவு வளைந்துகொள்ளுமாம். மற்ற வேலைக்கெல்லாம் வெளியாட்களை இறக்கினோம். மேஸ்திரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே கரண்டி பிடித்தார். பிளம்பர் கக்கூஸ் குழாயை முதல் வேலையாகப் பதித்தார். பூச்சு முடிந்தது, தரை முடிந்தது, லைட் எரிந்தது. நிலை மட்டும் எல்லா வாசலிலும் கதவில்லாமல் வெறுமனே நின்றது.

விஷயத்தைப் பெரியவரிடம் சாரே போய்ச் சொன்னார். "ஏன்யா, கதவு இல்லாத வூடு கட்டறதுக்கு இன்ஜினியர் எதுக்கு? எருமை கட்டற கொட்டாய்க்கு நீ வேணுமா?" என்று தொடங்கியவர் நிறுத்தவில்லை. சார் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு முழுவதையும் வாங்கிக்கொண்டார்.

பால் காய்ச்சுகிற நாளும் வந்தது. வாடகை வீட்டைக் காலையிலேயே பூட்டி, வீட்டுக்காரர் சாவியை வாங்கிக்கொண்டுவிட்டார். எங்கள் சார் ஒரு மினி லாரியில் வந்து இறங்கினார். பின்னால் ஒரு கதவு படுத்திருந்தது. பார்த்தால் எங்கள் ஆபீஸ் கதவு! மனுஷன் கழற்றிக்கொண்டே வந்துவிட்டார். நாலு பேராகத் தூக்கி வாசலில் நிறுத்திப் பார்த்தோம். மேலே ஒரு முழம் குறைந்தது, பக்கத்தில் ஆள் நுழையலாம். "இது பூனைக்குக்கூடத் தாங்காது சார்" என்றார் மேஸ்திரி. கடைசியில் நர்ஸம்மா ஒரு ஜமுக்காளத்தை எடுத்து வந்து வாசலில் தொங்கவிட்டார். ஐயர் ஒன்றும் கேட்காமல் மந்திரத்தைச் சொல்லி முடித்தார். பால் பொங்கியது.

சாப்பிட்டுவிட்டுச் சொந்தக்காரர்கள் எல்லாம் கிளம்பிய பிறகு சார் தயங்கித் தயங்கிப் பெரியவரிடம் போனார். "ஐயா, தப்பு என்னோடது. கதவு வர்ற வரைக்கும் நீங்களும் பாப்பாவும் எங்க வூட்டு மாடியில வந்து இருங்க. வாடகை வேணாம். சாமானை நானே ஏத்திக்கிட்டுப் போறேன்."

பெரியவர் அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. எங்கிருந்தோ ஒரு சுத்தியலைக் கொண்டு வந்து, ஈரம் காயாத சுவரில் ஓர் ஆணியை வைத்து ஓங்கி அடித்தார். பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது. "ஐயோ, பெரியவரே!" என்று மேஸ்திரி அலறினார். பெரியவர் சட்டையைக் கழற்றி அந்த ஆணியில் மாட்டினார். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார். பிறகு பாயை விரித்து, அந்த ஜமுக்காளத்துக்கு நேராகக் காலை நீட்டிப் படுத்துக்கொண்டார்.

"கதவு இல்லாட்டி என்னய்யா? காலி பண்ணுன்னு சொல்ல ஆளு இல்லல்ல?" என்றார்.