முழங்காலுக்கு மேலே

இது கட்டுக்கதை இல்லை. கொழும்பு வெள்ளவத்தையில், நாலாம் மாடி ஃபிளாட் ஒன்றில், போன மாசியில் நடந்தது. சுபோதினி சொல்லித்தான் எனக்குத் தெரியும். சொல்லி முடிக்கும்வரை அவள் பிள்ளையை மடியைவிட்டு இறக்கவேயில்லை.

பேய்க்குப் பயந்தவர்கள் கோயிலுக்கு ஓடுவார்கள். சுபோதினி மச்சாளுக்குப் பயந்து புறக்கோட்டைக் கடைத்தெருவுக்கு ஓடினாள். மச்சாள் பாலேஸ்வரி, அவள் புருசன் சயந்தனின் மூத்த அக்கா. கலியாணம் கட்டாதவர். தம்பிக்குப் பிள்ளை பிறந்த நாளிலிருந்து, "இது என்ர பிள்ளை" என்று ஒரே பிடி. இரவில் சத்தமில்லாமல் வந்து, தூங்கும் குழந்தையைத் தன் அறைக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். ஒருநாள் அந்தப் பச்சைக் குழந்தையின் வாயில் சோறு தீத்திக்கொண்டிருந்தார். பார்த்த சுபோதினி பாய்ந்து பிள்ளையைப் பறித்தாள்.

புறக்கோட்டைக் கடைக்காரர் நிலாம் வந்து, ஆள் நடந்தால் போனில் மணி அடிக்கும் சென்சர் மூன்றைச் சுவரில் பூட்டினார். பிள்ளையின் அறை, நடைவழி, மச்சாளின் அறை. பக்கத்து வீட்டுப் பூனை பல்கனியால் வந்து போகும். அதற்கெல்லாம் அடித்துத் தொலைக்கக் கூடாது என்று, ஒவ்வொன்றின் கீழ்ப்பாதியையும் டேப் ஒட்டி மறைத்தார்.

மச்சாள் பார்த்துக்கொண்டு நின்றார். சிரித்தார்.

"ஆரைக் காவல் காக்கிறீர்? உதுக்குத் தெரியாமல் வந்து தூக்குவன், பாரும்."

அடுத்த கிழமையே மாரடைப்பில் போய்விட்டார். சுபோதினி அழவில்லை. அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அதை மறைக்கவும் இல்லை.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு அன்று, செத்தவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து அவர் அறையில் வாழையிலையில் படைத்தார்கள். படைத்ததும் வீட்டைப் பூட்டிவிட்டு எல்லோரும் வெளியே நிற்க வேண்டும். செத்தவர் வந்து சாப்பிடும் நேரம் அது. பெண்கள் லிஃப்ட் அருகே நின்றார்கள். ஆண்கள் கீழே போய்விட்டார்கள். நிலத்து மெத்தையில் தூங்கிய பிள்ளையைச் சயந்தன் தூக்கிப் போயிருப்பார் என்று சுபோதினி நினைத்தாள்.

மாலை 6.42. டிங்.

போனைப் பார்த்தாள். பிள்ளையின் அறை.

பூனையாக்கும்... இல்லை. பூனைக்குத்தான் மணி அடிக்காதே.

6.43. டிங். நடைவழி.

சயந்தனுக்கு போன் எடுத்தாள்.

"பிள்ளை உங்களிட்டத்தானே?"

"இல்லையே... நீர் தூக்கேல்லையோ?"

டிங்.

மச்சாளின் அறை.

கதவுக்குப் பாய்ந்தாள். சயந்தனின் பெரியம்மா குறுக்கே நின்றார்.

"இப்ப திறக்கக் கூடாது! அவ சாப்பிடுறா!"

அவரைத் தள்ளிவிட்டுப் பூட்டைத் திறந்தாள்.

உள்ளே அழுகைச் சத்தம் இல்லை...

மச்சாளின் அறையில், இலைக்கு முன்னால் பிள்ளை மல்லாந்து கிடந்தது. முகம் நீலம். வாய் நிறையச் சோறு. இறுக்கி இறுக்கி அடைத்த சோறு.

விரல் விட்டுத் தோண்டினாள். ஒரு கவளம்... இன்னொன்று...

பிள்ளை வீரிட்டது.

வீட்டுக்கு வேறு வாசல் கிடையாது. வீட்டில் இருந்த எல்லோரும் வெளியேதான் நின்றார்கள். பிள்ளைக்கு ஐந்து மாதம்.

மறுநாள் நிலாமைக் கூப்பிட்டாள்.

"பிள்ளை தானாய் உருண்டு போயிருக்குமோ?" அப்படித்தான் என்று யாராவது சொல்லமாட்டார்களா என்றிருந்தது அவளுக்கு.

நிலாம் டேப்பைத் தடவிப் பார்த்தார். "வழியில்லை தங்கச்சி. இது உடம்புச் சூட்டுக்குத்தான் அடிக்கும். அதுவும் முழங்காலுக்கு மேலே போனால்தான். பிள்ளையை யாரோ தூக்கிட்டுத்தான் போயிருக்கோணும்."

"அப்ப தூக்க வந்த ஆள் நடைவழியால வரேக்க ஏன் அடிக்கேல்லை? முதல் மணியே பிள்ளையின்ர அறையிலதான்..."

நிலாம் டேப்பிலிருந்து கையை எடுத்தார்.

"சூடில்லாத உடம்புக்கு அடிக்காது."

முப்பத்தோராம் நாள் சடங்கான அந்தியேட்டிக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது. அதுவரை செத்தவர் வீட்டைவிட்டுப் போகமாட்டார் என்பார்கள் எங்கள் ஆட்கள்.