வாசலில் பதினான்கு ஜோடி

குமுளி பேருந்து நிலையத்துக்கு எதிரில் இருக்கிற செருப்புக் கடையில் ரோசிக்கு ஒரே வேலைதான். நடை பழகின பிள்ளைகளுக்குச் செருப்பு போட்டுப் பார்ப்பது. பிள்ளையை நேராக நிற்கவைத்து, செருப்பின் முனையில் கட்டைவிரலை அழுத்துவாள். உள்ளே அரை விரல் இடம் இருக்க வேண்டும். அடுத்த வருசத்துக்கும் ஆகட்டும் என்று பெரிதாகக் கேட்கிற தாய்மாரிடம், "அடுத்த வருசத்துக் காலு இன்னும் வரலையே தாயி" என்பாள். இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை; பொறுமை இருந்தால் யாருக்கும் வரும்.

விநோதம் அதற்குப் பிறகுதான். செருப்பைக் கழற்றிப் பிள்ளையின் முன்னால் வைத்துவிட்டு, "நீயா போடு, பாப்போம்" என்று காத்திருப்பாள். பக்கிள் வைத்த வார் என்றால் பிள்ளை இழுத்துப் பார்க்கும், முனகும், கடைசியில் அழும். ஒட்டுகிற பட்டை என்றால் கோணலாகவாவது ஒட்டிவிடும். ஒட்டினால்தான் பில்.

"ஏன்க்கா, நீ செருப்பு விக்கிறியா, பரீட்சை வைக்கிறியா?" என்பார் கடைக்காரர் தங்கதுரை. "ஊர்ல எல்லாரும் பிள்ள கழட்ட முடியாத செருப்பாக் கேக்குறாக. நீ என்னடான்னா அதுவாப் போடத் தெரிஞ்சதத்தான் குடுப்பேங்குற."

"கழட்ட எல்லாப் பிள்ளைக்கும் தெரியும் தொரை. போடத்தான் தெரியாது."

"எனக்கே லேஸ் கட்டத் தெரியாது. எம் பொண்டாட்டிதான் கட்டிவிடுறா. என்னையும் பெயிலாக்கிராத."

ரோசி சிரிப்பாள். காரணம் மட்டும் சொன்னதில்லை.

ஒன்பது வருசத்துக்கு முன் அவள் பள்ளிவாசல் என்கிற மலை ஊருக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் பிள்ளைக் காப்பக ஆயாவாக இருந்தாள். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும் முன் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுவார்கள். மழைக் காலத்தில் சேறு உள்ளே வராமலிருக்கச் செருப்புகள் எல்லாம் வாசல் படியில் வரிசையாக நிற்கும். பிள்ளைகள் ஓடிக்கொண்டே இருக்கும், எண்ண முடியாது. செருப்பு ஓடாது. அதனால் ரோசி செருப்பை எண்ணினாள். பதினான்கு ஜோடி என்றால் பதினான்கு பிள்ளை. வருசக்கணக்கில் அந்தக் கணக்கு பிசகியதே இல்லை.

அன்றைக்கும் பிசகவில்லை. பால் காய்ச்சுகிற நேரத்தில் மூன்று முறை எட்டிப் பார்த்தாள். மூன்று முறையும் பதினான்கு. மூன்று வயது நிரம்பாத ஜோஸ் அதற்குள் வெறுங்காலோடு இறங்கிப் போயிருந்தான். அவனுடைய செருப்பு பக்கிள் வைத்தது; அவனுக்கு மாட்டத் தெரியாது. பேக்டரிக்குத் தண்ணீர் போகிற கால்வாயில், பாசிக் கல்லுக்குக் கீழே கிடந்தான். விசாரணையில் ரோசி, "தலைய எண்ணுனேன் சார், இருந்தான். கண்ணு மூடித் தொறக்கங்குள்ள போயிட்டான்" என்றாள். அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு எந்த வாசலில் செருப்பைக் கண்டாலும் அவள் உதடு எண்ணத் தொடங்கிவிடும். ஆலயத்துக்கு எல்லாருக்கும் முன்னால் போய்விடுவாள், படியில் செருப்பு சேர்வதற்குள். கழற்றி வைத்த செருப்பு ஆள் உள்ளே இருக்கிறான் என்கிறதா, ஆளைவிட்டுப் பிரிந்துவிட்டேன் என்கிறதா? இரண்டையும் அது ஒரே மாதிரிதான் சொல்கிறது. கடையில் அடுக்கிய சின்னச் செருப்புகள் அவளை ஒன்றும் செய்வதில்லை. அவற்றில் இன்னும் யாரும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண் இரண்டரை வயதுப் பெண்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்குள் வந்தாள். ஜோஸின் தாய் ஜெஸ்னா.

"ரோசிக்கா! நீங்களா? இங்கயா இருக்கீங்க?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க வீட்டுக்காரருக்கு இப்ப ஏலத்தோட்டத்துல வேல. வந்து ரெண்டு மாசந்தான் ஆகுது. இவ ஜோமோள்."

ரோசி தலையை ஆட்டினாள். குழந்தையின் பாதத்தை உள்ளங்கையில் வாங்கி அளவு பார்த்தாள்.

"அவளே ஒட்டிக்கிற மாதிரி குடுங்கக்கா," என்றாள் ஜெஸ்னா. "பக்கிள் வேண்டாம். பக்கிள வாங்கித்தான எம் பிள்ளயக் கொன்னேன்."

"என்ன சொல்றே?"

"அவனுக்கு மாட்டத் தெரிஞ்சிருந்தா செருப்போட போயிருப்பான். பாசியில வழுக்கியிருக்க மாட்டான். நீங்க என்ன செய்வீங்க, உங்க கண்ணு முன்னாலதான இருந்தான். உங்களுக்காக நான் செபம் பண்ணாத நாளில்ல."

ரோசி பட்டையை ஒட்டினாள், பிரித்தாள், மறுபடி ஒட்டினாள். தங்கதுரை பில் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தார். இப்போது பேசாமலிருந்தால் இந்தப் பெண் நன்றி சொல்லிவிட்டுப் போவாள். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

"நான் தலைய எண்ணல ஜெஸ்னா."

"என்ன?"

"படியில செருப்பத்தான் எண்ணுனேன். அவஞ் செருப்பு கெடந்துச்சு. உள்ள இருக்கான்னு நெனச்சேன். அவன் எப்பப் போனான்னே எனக்குத் தெரியாது. விசாரணயில பொய் சொன்னேன்."

ஜெஸ்னா குழந்தையின் காலிலிருந்து செருப்பைக் கழற்றினாள். ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல்.

"எத்தன தடவ எண்ணுனீங்க?"

"மூணு தடவ."

"மூணு தடவயில ஒரு வாட்டிகூட அவன் பேரச் சொல்லிக் கூப்பிடலயா?"

ஜெஸ்னா குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு எழுந்தாள். அழவில்லை. தெருப்பக்கம் பார்த்தபடியே பேசினாள்.

"இவ அப்பா அங்க ஜீப்புல இருக்காரு. பக்கிள் வாங்குனவ, பக்கிள் வாங்குனவன்னு ஒம்பது வருசமாச் சொல்லிக் காட்டுறாரு. நான் போய்ச் சொன்னா நம்ப மாட்டாரு. நீங்க வந்து சொல்லுங்க."

"இப்பவா?"

"பெறகு எப்ப?"

அவள் இறங்கி நடந்தாள். பின்னால் ஆள் வருகிறதா என்று திரும்பிப் பார்க்கவில்லை. ரோசி தங்கதுரையிடம் ஒன்றும் சொல்லாமல், சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, அவளுக்குப் பின்னாலேயே போனாள்.