மூன்றாவது மாடியில் அப்பா, கேட்டில் சாப்பாடு

அப்பாவின் மதியச் சாப்பாட்டைத் தடுத்து நிறுத்தியது யார் தெரியுமா?

டல்லாஸில் போர்வை போர்த்தித் தூங்கிக்கொண்டிருந்த என் அண்ணன்!

(சிரிக்காதீர்கள். முழுசாகப் படித்துவிட்டு, முடிந்தால் சிரியுங்கள்.)

அப்பா ரிட்டயர்டு வாத்தியார். அம்மா போன பிறகு மேடவாக்கம் பக்கம் ஒரு பெரிய அபார்ட்மென்டில் தனியாக இருக்கிறார். குரோம்பேட்டை வீட்டை விற்று அவர் போட்ட பணத்தில் வாங்கிய ஃபிளாட். பத்திரம் மட்டும் அண்ணன் பேரில்.

கை நடுக்கம் வந்துவிட்டது. ஒருநாள் கேஸைத் திறந்துவிட்டுப் பற்றவைக்க மறந்துவிட்டார். அன்றோடு அடுப்பு கட்.

என் வீட்டுக்கு வாங்கப்பா என்றால் வரமாட்டார்.

"மகன் வீடு இருக்கும்போது மக வீட்ல போய் உக்காந்தா நாலு பேரு என்ன பேசுவாங்க?"

(அந்த நாலு பேரை நான் இன்றுவரை பார்த்ததில்லை.)

சரி, சாப்பாட்டுக்காவது ஏற்பாடு செய்வோம் என்று இறங்கினேன். பல்செட் சரியில்லை, சுகர் வேறு. அதனால் குழைவாகக் கொஞ்சம் சாதம், காரமில்லாத ரசம், மசித்த கீரை. அவ்வளவுதான் மெனு. பக்கத்துத் தெருவில் வீட்டுச் சமையல் செய்து கொடுக்கும் சாந்தி அக்கா ஒப்புக்கொண்டார்.

"டைமுக்கு சோறு வந்து நிக்கும் பாரும்மா!"

வந்து நின்றது. கேட்டில்!

அங்கே யார் வந்தாலும் செக்யூரிட்டி தன் போனில் இருக்கும் ஆப்பில் தட்டுவார். ஓனர் போனுக்கு நோட்டிஃபிகேஷன் போகும். ஓனர் ஓகே கொடுத்தால்தான் உள்ளே விடுவார்கள். அப்பாவிடம் இருப்பது பட்டன் போன். இன்டர்காம் அடித்தால் அவருக்குக் காது கேட்காது. ஓனருக்கோ அது நடுராத்திரி.

சாந்தி அக்கா எனக்கு போன் போட்டார்.

"இன்னாமா இது? சோறு எடுத்துகினு வந்தவள திருடி மாதிரி வெயில்ல நிக்க வெச்சுகினு கீறானுங்க!"

செக்யூரிட்டியிடம் கெஞ்சினேன். "ஓனர் ஓகே குடுக்காம வுட்டா என் வேலை பூடும் மேடம்" என்றார். அவரும் என்ன செய்வார், பாவம். அன்று மேலே போன யாரோ ஒரு புண்ணியவான் கொண்டுபோய்க் கொடுத்தார்.

அண்ணனுக்கு விடியும்வரை காத்திருந்து பேசினேன்.

"அண்ணா, ஆப்ல என்னை ஃபேமிலி மெம்பரா ஆட் பண்ணிடு. நான் அப்ரூவ் பண்ணிக்கிறேன்."

"பண்றேம்மா. இந்த வீக் கொஞ்சம் டைட்டு."

அடுத்த வீக்கும் டைட்டு. முன்கூட்டியே ஓகே கொடுத்து வைக்கலாமாம். அதையும் ஓனர்தான் செய்யவேண்டும். ஓனர்தான் டைட்டாயிற்றே! குடும்ப குரூப்பில் தினமும் பெற்றோர் பாசம் பற்றி வசனம் போட மட்டும் நேரம் கிடைத்தது.

திரும்பக் கேட்டதற்குத்தான் உண்மை வந்தது.

"தப்பா எடுத்துக்காத. ஃபிளாட் என் பேர்ல இருக்கு. ஃபேமிலி மெம்பர்னு உன் பேரு ஏறிடுச்சுன்னா பின்னாடி லீகலா கன்ஃப்யூஷன் வரும்னு உங்கண்ணி ஃபீல் பண்றா."

ரசம் சாதத்துக்கும் சொத்துக்கும் என்னடா சம்பந்தம்? வாய்வரை வந்ததை அப்பாவுக்காக விழுங்கினேன்.

பிறகு ஒருநாள் அப்பா வழக்கம்போல சுகர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு தட்டின் முன்னால் உட்கார்ந்துவிட்டார். தினமும் மேலே போகிற யாராவது கொண்டுபோய்க் கொடுப்பார்கள்; அன்று யாரும் கிடைக்காமல் சாப்பாடு கேட்டைத் தாண்டவில்லை. சாந்தி அக்கா சொன்னதும் ஆபீஸிலிருந்து கிளம்பி, பல்லாவரம் டிராஃபிக்கில் சிக்கி, கேட்டில் சண்டை போட்டு, மேலே ஓடிக் கதவைத் திறந்தால் அப்பாவின் சட்டை முழுக்க வியர்வை. பேச்சு குழறுகிறது. சர்க்கரையைக் கரைத்து வாயில் ஊற்றினேன். கொஞ்சம் தெளிந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா?

"அண்ணன்கிட்ட சொல்லாதம்மா. பயந்துடுவான்."

அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். அத்தனையும் ஆத்திரம்.

சாந்தி அக்கா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்சுன்னா என் சோத்து மேல பழி வரும். இந்த பேஜார் எனக்கு வோணாம்மா."

ஆபீஸில் கெஞ்சி வொர்க் ஃப்ரம் ஹோம் வாங்கினேன். மதியம் நானே கொண்டுபோனேன். கேட்டில் எனக்கும் அதே கதை! ஆப்பில் நான் 'கெஸ்ட்'.

செக்யூரிட்டிக்கே மனசு கேட்கவில்லை.

"தப்பா நெனச்சுக்காதீங்க மேடம். சமையல்காரம்மானு போட்டு ஓனருக்கு அனுப்பட்டா? ஒருவாட்டி ஓகே ஆயிட்சுன்னா அப்பால யாரையும் கேக்க வேணாம், நேரா போய்கினே இருக்கலாம்."

(வாசலில் கொடுத்துவிட்டுப் போகிறவர்களுக்கு இந்த வசதி கிடையாதாம். வீட்டுக்குள் வேலை செய்பவர்களுக்கு மட்டும்தானாம்.)

என்னை போட்டோ எடுத்தார். பெயர் போட்டார். வேலை: சமையல்.

அன்று சாயங்காலம், அண்ணன் எழுந்த உடனே, அப்ரூவ்டு!

கூடவே எனக்கு ஒரு மெசேஜ். "குட் ஐடியா! இதான் எல்லாருக்கும் சேஃப்."

சமையல் வேலை ஒன்றும் கேவலமில்லை. சாந்தி அக்கா போட்ட சோற்றில்தான் அப்பா அத்தனை நாள் தெம்பாக இருந்தார். ஆனால் பெற்ற அப்பாவைப் பார்க்க மகள் என்று சொன்னால் கதவு திறக்காது, வேலைக்காரி என்றால் திறக்கும் என்பதை எந்த வயிற்றில் போட்டுச் செரிப்பது?

இன்று செக்யூரிட்டி போனை நீட்டினார். "மேடம், ஓனரு உங்களுக்கு ரேட்டிங் போட்டுகீறாரு."

மூன்று ஸ்டார்! கீழே 'நேரத்துக்கு வருவதில்லை' என்று டிக் வேறு.

அண்ணனிடம் கேட்டேன்.

"ஆப் கேட்டுச்சு, போட்டேன். நீ லேட்டா வர்றேன்னு அப்பாதாம்மா சொன்னாரு. இதுக்கெல்லாம் ஃபீல் பண்ணுவியா?"

நண்பர்களே, இந்த ஆப் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

மகனுக்கு ரேட்டிங் போட அதில் எங்கே தட்டவேண்டும்?