துரை பார்க்கிற தண்ணி

கலங்கின தண்ணீரைப் பார்த்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது. இது பழக்கமா, கொழுப்பா என்று இன்றுவரை தெரியவில்லை. குடத்தில் ஒரு தூசு மிதந்தாலும் கை துறுதுறுக்கும். என் வீட்டுக்காரர் கேட்பார், "உன்னைச் சும்மா உக்கார வச்சா உலகம் நின்னுருமா?" நின்றுவிடும் என்றுதான் அந்த வயதில் நான் நினைத்திருந்தேன்.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷனுக்கு வேலை, ஆற்றைப் பார்த்துக்கொள்வது. முதலில் ரயில்வேயில் தண்டவாளம் போட்டுக்கொண்டிருந்தவர், பிறகு சர்க்கார் ஆபீஸில் ஆற்றுக் காவல்காரர் ஆனார். கப்பலேறி வந்த மலாய் நாட்டில், பிரிக்ஃபீல்ட்ஸில் ஆற்றங்கரையை ஒட்டின வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். கரையில் நட்டிருந்த அளவுக் கட்டையைப் பார்த்துத் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தினமும் எழுத வேண்டும். அடித்து வரும் மரங்களை இழுத்துப் போட வேண்டும். தூபா வேரை நசுக்கி ஆற்றில் கலந்து மீனை மயக்கிப் பிடிக்கிறவர்களைக் கண்டால் வேரைப் பிடுங்கிக்கொண்டு விரட்ட வேண்டும். தெருவில் கேலி செய்வார்கள். "ஏன் அண்ணே, ஆத்தை யாராச்சும் தூக்கிட்டா போயிடப் போறாங்க?" என்று கேட்பார்கள். அவர் சிரிக்கமாட்டார். "தூக்கிட்டுத்தான் போறாங்க. உங்க கண்ணுக்குத் தெரியல" என்பார்.

எனக்கும்தான் தெரியவில்லை. அவர் எதையும் விளக்கிச் சொல்கிற ஆள் இல்லை. நான் பத்து வார்த்தை பேசினால் அவர் அரை வார்த்தை பேசுவார். அதில் எனக்கு எப்போதும் எரிச்சல்.

அந்த வருஷம் அவருக்கு ஒரே யோசனை. அம்பாங் பக்கம் ஓர் ஈயச் சுரங்கம் இருந்தது. மண்ணைத் தண்ணீரால் அடித்துக் கரைத்து ஈயத்தை எடுத்துக்கொண்டு, மிச்சச் சேற்றை ஒரு மரக் கதவைத் திறந்து அப்படியே ஆற்றில் விட்டார்கள். அது, ஆறு கடலில் சேரும் கிள்ளான் வரைக்கும் போனது. கிள்ளானுக்கு அந்தப் பக்கம் மீன் பிடித்துப் பிழைத்த ஒரு மலாய்க்காரர் இரண்டு தடவை ரயிலேறி வந்து ஆபீஸில் மனுக் கொடுத்துவிட்டுப் போனார். மாமா என்கிற மாதிரி நாங்கள் அவரை பாக்சிக் என்று கூப்பிடுவோம். இறால் வலையில் சேறுதான் ஏறுகிறது, இறாலைக் காணோம் என்பதுதான் அவருடைய வழக்கு. சுரங்கத்து மேனேஜரோ, அது மழைச் சேறு, எங்கள் சேறு இல்லை என்று சாதித்தார். வெயில் நாளில், சுரங்கத்துக்கு மேலேயும் கீழேயும் ஆற்றுத் தண்ணீரை எடுத்துக் கொண்டு வந்து காட்டினால் விசாரிக்கிறேன் என்று ஆபீஸின் வெள்ளைக்காரத் துரை சொல்லிவிட்டார்.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்த கதை. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், என் வீட்டுக்காரர் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெயில் அடித்த நாளெல்லாம் எங்கோ போனார், வரும்போது பிராந்திப் போத்தலில் தண்ணீர் கொண்டு வந்தார் என்பதுதான். மொத்தம் ஏழு போத்தல். இரண்டின் கழுத்தில் வெள்ளை நூல், ஐந்தில் சிவப்பு நூல். வெள்ளை சுரங்கத்துக்கு மேலே எடுத்தது, சிவப்பு கீழே எடுத்தது என்பதும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. எல்லாவற்றையும் கட்டிலுக்கு அடியில் வரிசையாக வைத்தார். "என்ன இது?" என்று கேட்டேன். "துரை பார்க்கிற தண்ணி" என்றார். அவ்வளவுதான்! ஏழாவது போத்தல் வந்த அன்றே காய்ச்சல் வந்து படுத்துவிட்டார். விசாரணைக்கு நான்கு நாள் இருந்தது.

காய்ச்சல்காரர் கட்டிலின் மேலே முனகுகிறார். நான் துடைக்கும்போதும் கூட்டும்போதும் கட்டிலுக்கு அடியில் அந்தப் போத்தல்கள் கண்ணில் படுகின்றன. வெள்ளை நூல் கட்டினது பரவாயில்லை. சிவப்பு நூல் கட்டினது சாம்பலைக் கரைத்த மாதிரி கனமாகக் கிடந்தது. இதைத் துரை பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

கப்பலை விட்டு இறங்கி நாங்கள் முதலில் இருந்தது ஒரு ரப்பர் தோட்டத்தில். தோட்டத்தில் இருந்தவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். துரை பார்க்க வருகிறார் என்றால், முதல் நாளே ஆட்கள் குடியிருக்கும் லயத்தைக் கூட்டி, சாக்கடையை வழித்து, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிட வேண்டும். துரை பார்க்கும்போது அழுக்கு இருந்தால், அழுக்குப் பண்ணினவனைக் கேட்கமாட்டார்கள். அந்த இடத்தில் வேலை பார்க்கிறவன்மேல்தான் விழும். என் வீட்டுக்காரர் ஆற்றைப் பார்த்துக்கொள்கிறவர். அவருடைய ஆற்றுத் தண்ணீரைத் துரை பார்க்கப் போகிறார். இந்தச் சேற்றைக் கொண்டுபோய் வைத்தால், இப்படியா ஆற்றை வைத்திருக்கிறாய் என்று வேலையை விட்டு விரட்டமாட்டாரா? காய்ச்சலில் கிடக்கிற மனிதருக்கு இது தோன்றவில்லை, நாம்தான் பார்த்துச் செய்ய வேண்டும் என்று முடிவு கட்டினேன். அடி புத்திசாலி!

ஊரிலிருந்து வரும்போது தேத்தாங்கொட்டை ஒரு முடிச்சுக் கொண்டு வந்திருந்தேன். குளத்துத் தண்ணீரில் அதை உரசி விட்டால் சேறெல்லாம் அடியில் இறங்கித் தெளிந்துவிடும். இங்கே பைப்புத் தண்ணீர் இருந்ததால் அது டின்னில் சும்மா கிடந்தது. அன்று சாயங்காலம் எடுத்தேன். கல்லில் உரசி, விழுதை ஏழு போத்தலிலும் பங்கு போட்டு ஊற்றிக் குலுக்கி வைத்தேன். காலையில் பார்த்தால், அடியில் நாலு விரல் கனத்துக்குச் சேறு, மேலே தெளிந்த தண்ணீர். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்கிறீர்கள்! மேல் தண்ணீரைக் குவளையில் பதனமாக வடித்தேன். சேற்றைக் கறிவேப்பிலைச் செடியடியில் கொட்டினேன். போத்தலைச் சாம்பல் போட்டுக் கழுவினேன். தெளிந்த தண்ணீரைத் திருப்பி ஊற்றி, குறைந்த இடத்துக்குப் பைப்புத் தண்ணீரை விட்டு நிரப்பினேன். நூல் மாறிவிடக் கூடாது என்று அதை மட்டும் கவனமாகப் பார்த்துக் கட்டினேன்.

விசாரணை நாளில் அவருக்குக் காய்ச்சல் விட்டிருந்தது, ஆனால் நடக்கும்போது கால் பின்னியது. போத்தல்களைச் சாக்கில் சுற்றிக் கூடையில் வைத்து நானே தலையில் தூக்கிக்கொண்டு கூடப் போனேன். அவர் அவிழ்த்துப் பார்க்கவில்லை. வழியெல்லாம் எனக்குள் ஒரே குதூகலம். துரை பாராட்டும்போது இவர் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

ஆபீஸில் துரை உட்கார்ந்திருந்தார். எதிரில் சுரங்கத்து மேனேஜர். சுவரோரம் பாக்சிக், கிள்ளானிலிருந்து முதல் ரயிலில் வந்து நல்ல சட்டை போட்டு நின்றார். கிராணி ஐயா, அதாவது ஆபீஸ் குமாஸ்தா, யாழ்ப்பாணத்துக்காரர், துரைக்கும் எங்களுக்கும் நடுவில் பேசுகிறவர். அவர்தான் சாக்கை அவிழ்த்து போத்தல்களை ஒவ்வொன்றாக மேஜைமேல் வைத்தார். ஏழும் ஒரே மாதிரி பளபளவென்று நின்றன.

மேனேஜர் சிரித்தார். ஒரு போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து ஏதோ சொன்னார். கிராணி ஐயா முகம் கறுத்துப் போய்த் தமிழில் சொன்னார். "இதைக் குடிக்கலாம் போல கிடக்கு எண்டு சொல்லுறார்."

என் வீட்டுக்காரர் போத்தலைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பெற்ற பிள்ளையைத் தொலைத்தவர் மாதிரி பார்த்தார். அந்த நிமிஷத்தில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. துரைக்குக் காட்ட வேண்டியது தண்ணீர் இல்லை, சேறு.

"ஐயா, நான்தான்! நான்தான் தெளிய வச்சேன்! இது ஆத்துல எடுத்தப்ப இப்படி இல்லீங்க!" என்று கத்திவிட்டேன். தேத்தாங்கொட்டை, பைப்புத் தண்ணீர், கறிவேப்பிலைச் செடி எல்லாவற்றையும் சொல்லிக் கொட்டினேன். கிராணி ஐயா தலையில் கை வைத்துக்கொண்டார். "என்ன பிள்ளை, இப்பிடிச் செய்து போட்டியளே!" என்றார். பிறகு எல்லாவற்றையும் துரைக்கு இங்கிலீஷிலும் பாக்சிக்குக்கு மலாயிலும் சொன்னார். துரை பேனாவை மூடினார். கை பட்ட தண்ணீர் சாட்சி ஆகாது, மேனேஜர் போகலாம் என்றார். என் வீட்டுக்காரருக்கு, இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேலை இல்லை என்று எச்சரிக்கை.

எல்லாரும் கலையும்போது பாக்சிக் மட்டும் மேஜைப் பக்கம் வந்தார். ஒரு போத்தலை இரண்டு கையாலும் எடுத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம், "போலே மிந்தா சத்து?" என்றார். ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளலாமா என்று. எதற்கு என்று என் வீட்டுக்காரர் கேட்டார். முன்பு ஆறு இப்படித்தான் இருந்தது, என் பேரப் பிள்ளைகள் பார்த்ததில்லை, காட்ட வேண்டும் என்றார். அவருடைய வழக்கைக் கெடுத்தவளிடம் கும்பிடாத குறையாகக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து அழுதேன். நாலு பேர் பார்க்க அழுகிறவள் இல்லை நான்.

வீட்டில் மூன்று நாள் அவர் பேசவில்லை. நாலாம் நாள் எனக்குத் தாங்கவில்லை. சோற்றுத் தட்டை நங்கென்று வைத்து, "அடிச்சிருங்க, இல்ல திட்டிருங்க. இப்படி ஊமையா உக்காந்து என்னைக் கொல்லாதீங்க" என்றேன். அவர் மெல்ல நிமிர்ந்தார். "உம்மேல கோவமில்ல புள்ள. எதுக்கு எடுக்கிறேன்னு உங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். சொல்லல." அன்றைக்குத்தான் ஆற்றைப் பற்றி எல்லாம் சொன்னார். கல்யாணம் ஆகி அத்தனை வருஷத்தில் அவர் அவ்வளவு பேசிக் கேட்டதில்லை.

மறுபடியும் தண்ணீர் எடுத்துக் காட்டலாம் என்று பார்த்தால் மழை தொடங்கிவிட்டது. மழை நாள் தண்ணீர் சாட்சிக்கு உதவாது. எனக்குக் காலில் வெந்நீர் கொட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. விடிந்ததும் கரைக்கு ஓடுவேன், வானத்தைப் பார்ப்பேன், திட்டுவேன். துணி காயவில்லையே என்று அக்கம்பக்கத்தவர்களும் திட்டினார்கள். அவர்கள் கவலை வேறு. சீனப் பெருநாள் சமயத்தில்தான் வெயில் பிடித்தது. அவர் சைக்கிளை எடுக்கும்போது நானும் செருப்பை மாட்டிக்கொண்டேன். "நீ எங்க?" என்றார். "போத்தலைப் பாத்துக்கத்தான்" என்றேன். அவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னோடு நடந்தார்.

சுரங்கத்துக்கு மேலே ஆற்றில் அடி மணல் தெரிந்தது. ஒரு நீர்நாய்க் குடும்பம், குட்டிகள் மூன்று, பாறைமேல் ஏறி வழுக்கி விழுந்து விளையாடிக்கொண்டிருந்தன. நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். கீழே வந்தோம். மரக் கதவு திறந்திருந்தது. சொட்டு மழை இல்லாத வானம், ஆனால் கதவு வழியாகச் சேறு குபுகுபுவென்று இறங்கிக்கொண்டிருந்தது. அங்கே நீர்நாய் இல்லை, தவளைகூட இல்லை. நான் நூலைக் கட்டினேன், அவர் தக்கையை அடித்தார். இந்தத் தடவை எதுவும் கட்டிலுக்கு அடியில் போகவில்லை. அன்றன்றே கிராணி ஐயா மேஜைக்குக் கொண்டுபோய், அவர் கையால் அரக்கு வைத்து முத்திரை குத்த வைத்தோம்.

இரண்டாவது விசாரணையில் மேனேஜர் என்னைச் சுட்டிக்காட்டினார். போன தடவை போத்தலில் கை வைத்த பொம்பளை இவள், இந்தத் தடவையும் ஏதோ கலந்திருக்கிறாள் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஐயா, துரைகிட்ட சொல்லுங்க. சேத்தைத் தண்ணியாக்க எனக்குத் தெரியும். அதை நானே ஒத்துக்கிட்டேன். தண்ணியைச் சேறாக்க எனக்குத் தெரியாது. அது தெரிஞ்சவரு இவருதான்" என்று மேனேஜரைக் காட்டினேன். கிராணி ஐயா அதை ஒரு சொல் விடாமல் சொல்லியிருக்க வேண்டும், துரை மீசையைத் தடவிக்கொண்டு குனிந்துவிட்டார். சுரங்கத்தார் கதவை அடைக்க வேண்டும், சேறு தங்கி இறங்குவதற்குக் குளம் வெட்டி, தெளிந்த தண்ணீரைத்தான் ஆற்றில் விட வேண்டும் என்று உத்தரவு எழுதினார்.

குளம் வெட்டிப் பல மாதம் ஆனபின் நாங்கள் கிள்ளானுக்கு ரயிலேறிப் போய் பாக்சிக்கைப் பார்த்தோம். இறால் கொஞ்சம் திரும்பியிருக்கிறது என்றார். எங்களுக்கும் சமைத்துப் போட்டார். நான் மிதப்பில் இருந்தேன். எல்லாம் முடிந்துவிட்டது என்ற நினைப்பு. சாப்பிட்டபின் அவர் உள்ளே போய் ஒரு போத்தலை எடுத்து வந்தார். கழுத்தில் என் சிவப்பு நூல் அப்படியே இருந்தது. பேரப் பிள்ளைகள் சொல்லி வைத்த மாதிரி ஒரு கண்ணாடிக் குவளையை எடுத்துக்கொண்டு படகுத்துறைக்கு ஓடினார்கள். வெள்ளிக்கிழமைதோறும் அவர்கள் வீட்டில் இது நடக்குமாம். ஆற்றுத் தண்ணீரை மொண்டு வந்து போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். பாக்சிக் குனிந்து இரண்டையும் பார்த்தார்.

அந்தப் போத்தலில் பாதி தேத்தாங்கொட்டை போட்டுத் தெளிய வைத்தது, பாதி பைப்புத் தண்ணீர் என்று அவருக்குத் தெரியும். அன்று ஆபீஸில் அவரும்தானே நின்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. குவளைத் தண்ணீர் போன வருஷத்துக்கு எவ்வளவோ மேல். ஆனால் போத்தல் மாதிரி இல்லை.

"பெலும்" என்றார் பாக்சிக். இன்னும் இல்லை என்று அர்த்தம். குறையாகச் சொல்லவில்லை, பிள்ளைகளிடம் கணக்குச் சொல்வது போலச் சொன்னார். பிள்ளைகளும் "பெலும், பெலும்" என்று கத்திக்கொண்டு குவளையை ஆற்றில் கொட்ட ஓடினார்கள்.

என் வீட்டுக்காரர் எழுந்து பையைத் துழாவி ஒரு காலிப் போத்தலை எடுத்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. மடியிலிருந்து நூலை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் துறைக்கு இறங்கினேன்.