பருத்திப்பட்டிலிருந்து காடுவெட்டி வரை

ஆவடி–பூந்தமல்லி பஸ்ஸில் தசரதன் இருபத்திரண்டு வருடமாகக் கண்டக்டர். வீட்டில் கோபித்துக்கொண்டு ஏறியது, கூட்டத்தில் அம்மாவை விட்டது என்று இதுவரை ஏழு பிள்ளைகளைக் கண்டுபிடித்து பஸ் ஸ்டாண்டு டைம் கீப்பரிடம் ஒப்படைத்திருக்கிறார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"அழுவுற புள்ளைய பத்தி கவலையே இல்ல. அதோட ஆத்தா பக்கத்துலதான் எங்கனா கீறா. மூஞ்சியில ஒண்ணுமே இல்லாம குந்திகினு வருது பாரு, அதுதான் தொலஞ்ச புள்ள" என்பார்.

"உனுக்கு இந்த விசில் வேஸ்ட்டு நைனா, போலீஸ்ல சேந்திருக்கணும்" என்பார் டிரைவர் மனோகரன்.

போன ஆடி மாதம் ஒரு சாயங்காலம், ஒன்பது வயதுப் பையன் ஒருவன் ஆவடியில் தனியாக ஏறி டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்தான். பள்ளிச் சீருடை. சீருடைப் பிள்ளைகளிடம் யாரும் டிக்கெட் கேட்பதில்லை. பையன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"இன்னா ராஜா, ஒரே குஷியா கீற?" என்று கேட்டார் தசரதன்.

இன்னும் அதிகமாகச் சிரித்தான். பூந்தமல்லியில் கூட்டத்தோடு இறங்கும்போதும் சிரிப்புதான்.

மறுநாள் காலை டிப்போ சுவரில் அந்தச் சிரிப்பே ஒட்டியிருந்தது. காணவில்லை. அபிஷேக், ஆட்டிசம் உள்ள சிறுவன், பேச மாட்டான். சேக்காட்டில் அம்மா தண்ணீர் கேன் வாங்கக் கதவைத் திறந்த நேரத்தில் வெளியே போயிருக்கிறான். ஆனால் அந்தக் காகிதத்தை ஒட்டும்போதே எல்லாம் முடிந்திருந்தது. முந்தைய நாள் இரவே, நசரத்பேட்டை அருகே நெடுஞ்சாலையைக் கடக்கும்போது அவன்மேல் லாரி மோதிவிட்டது. போலீஸ் கேட்டபோது தசரதன் பார்த்ததைச் சொன்னார். அவர்மேல் தப்பில்லை என்று எல்லோரும் சொன்னார்கள்.

காரியம் முடிந்த பிறகு, அந்த வீட்டுக்குப் போகிறேன் என்றார். மனைவி வரலட்சுமி தடுத்தாள்.

"போயி இன்னா சொல்லப் போற?"

"கடைசியா பாத்தவன் நான்தானே. சிரிச்சிகினேதான் போனான்னு சொன்னா பெத்தவளுக்கு ஒரு ஆறுதலா இருக்கும்ல."

அந்த ஒரு வார்த்தையைக் கையில் பிடித்துக்கொண்டுதான் சேக்காட்டில் இரண்டாம் மாடி ஏறினார். பையனின் அம்மா கலைவாணி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். சுவரில் மாலை போட்ட படம், போஸ்டரில் இருந்த அதே படம்.

"பயப்படவே இல்லம்மா. இதோ, இந்தப் படத்துல கீற மாதிரியேதான், சிரிச்சிகினே வந்தான்."

கலைவாணி படத்தைப் பார்த்தாள்.

"இது பக்கத்து ஃப்ளாட் பிறந்தநாள்ல எடுத்ததுண்ணா. பலூன் வெடிச்சுகிட்டே இருந்துச்சு. பயந்தா இப்படித்தான் சிரிப்பான். ஊசி போட்டா சிரிப்பான், தெரியாதவங்க தொட்டா சிரிப்பான், மிக்ஸி ஓடினா சிரிப்பான். எனக்கே அது புரிய நாலு வருஷம் ஆச்சு. இவன் அப்பாவுக்கு இன்னும் புரியல. நல்லா சிரிச்ச மூஞ்சின்னு இதையே மாட்டிட்டார்."

தசரதன் தம்ளரைக் கீழே வைத்தார்.

"சந்தோசமா இருந்தா எப்டிம்மா இருப்பான்?"

"மூஞ்சியில ஒண்ணுமே இருக்காது. வாஷிங் மிஷின் ஓடறப்ப அதுமேல கன்னத்த வச்சுட்டு நிப்பான். பாக்கறவங்க, புள்ளைக்கு உடம்பு சரியில்லையான்னு கேப்பாங்க."

மீதியைச் சொல்லாமல் எழுந்து போய்விடலாம். செருப்பு வாசலில்தான் கிடந்தது.

"அப்டியும் இருந்தாம்மா" என்றார். "பருத்திப்பட்டுல கூட்டம் எறங்கிச்சு. சீட்டு பக்கத்து கம்பியில கன்னத்த வச்சிகினான். எஞ்சின் அதிர்றது கம்பியில நல்லா தெரியும். மூஞ்சியில ஒண்ணுமே இல்ல. மொத்த வழியிலயும் அப்ப மட்டும்தான் எனுக்கு சந்தேகம் வந்துச்சு, தொலஞ்ச புள்ளையோன்னு. காடுவெட்டியில கிட்ட போயி கன்னத்துல தட்டி, இன்னா ராஜான்னேன். உடனே சிரிச்சிட்டான். சரி, நல்லாத்தான் கீறான்னு டிக்கெட் போடப் போய்ட்டேன்."

"தொட்டீங்களா?"

"தொட்டேம்மா."

கீழே யாரோ வண்டியை உதைத்து உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பிப் போனதும் கலைவாணி கேட்டாள்.

"பருத்திப்பட்டுலருந்து காடுவெட்டிக்கு எவ்வளவு நேரம் ஆகும்ணா?"

"ஏழு நிமிசம். அன்னிக்கு ரோடு தோண்டியிருந்தாங்க. பத்து ஆயிருக்கும்."

"பத்து நிமிஷம்" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவருக்கு நேர் எதிரே தரையில் வந்து உட்கார்ந்தாள். "அத மட்டும் இன்னொரு தடவை சொல்லுங்க. கம்பி எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"இடது பக்கம்மா. அந்தப் பக்கம்தான் ஏரி தெரியும்" என்று ஆரம்பித்தார் தசரதன். கூட்டம் இறங்கியதை, கம்பி அதிர்ந்ததை, பள்ளத்தில் பஸ் ஊர்ந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னார். காடுவெட்டி வந்ததும் நிறுத்திக்கொண்டார்.